ஐஸ் ஹொக்கியில் கோல் கூட விதி மாற்றிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் குளிர்காலச் சனிக்கிழமை இரவென்றால் எங்கள் வீட்டில் ஹொக்கிதான் ஓடும். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் பார்த்து வளர்ந்தவர்கள். முதல் இடைவேளைக்குள் அவர்களிடமிருந்து அதே கேள்விகள் வந்துவிடும். ஏன் கோல் இவ்வளவு குறைவு, ஏன் வலையைப் பெரிதாக்கவில்லை, இந்தத் தண்டனை எதற்கு? பல வருடங்களாக வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணை, இதில கோல் விழுறதே அபூர்வமாக் கிடக்கு. ஒரு ஆட்டத்தில சராசரியா எத்தனை விழும்?

வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்-ஐ வைத்துச் சொல்கிறேன். இப்போது இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் சராசரியாக 6 கோல்களுக்குச் சற்று மேல் அடிக்கின்றன. 1981-82 பருவகாலத்தில் இது 8. 2003-04-ல் 5-ஐ மட்டுமட்டாகத் தாண்டியது.

8-க்கும் 5-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று தோன்றும். பார்த்தவர்களைக் கேளுங்கள். 8 கோல் காலத்தில் மூன்று கோல் பின்தங்கிய அணியும் திரும்பி வரும். 5 கோல் காலத்தில் இரண்டு கோல் முன்னால் போன அணி கதவைச் சாத்திவிடும், சனம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்பே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விடும்.

பவர்பிளே எண்டா கிரிக்கெட்டில வாறதுதானே?

பெயர் ஒன்று, விஷயம் வேறு. ஹொக்கியில் கோல்காப்பாளரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர் தளத்தில் நிற்பார்கள். ஒருவர் தவறு செய்தால் சிறிய தண்டனையாக 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்த நேரத்தில் மற்ற அணிக்கு ஓர் ஆள் அதிகம். அதுதான் பவர்பிளே. ஐந்து முறை கிடைத்தால் ஒரு முறை கோல் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விதத்தில் உறவு உண்டு. வட்டத்துக்கு வெளியே இத்தனை பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று களத்தடுப்பைக் கட்டுப்படுத்தியதும் ஓட்டம் கூடத்தான். தடுக்கிறவர்களின் கையைக் கொஞ்சம் கட்டிவிடுவது. ஹொக்கியின் விதி மாற்றங்களில் முக்கால்வாசியும் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

விதியை மாத்திக் கோலைக் கூட்டுறது எப்ப தொடங்கினது?

பெரிய அளவில் 1929-ல். அதற்கு முந்திய 1928-29 பருவகாலத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து 3 கோல்கூட அடிக்கவில்லை. மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் கோல்காப்பாளர் ஜோர்ஜ் ஹேன்ஸ்வேர்த் 44 ஆட்டங்களில் 22-ல் ஒரு கோலும் விடவில்லை. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை. காரணம் அவர் திறமை மட்டும் அல்ல. குறுக்கே போடும் இரண்டு நீலக்கோடுகள் தளத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கும். எதிரணியின் பகுதிக்குள் போனபின் பக்கை முன்னோக்கிக் கொடுக்கவே அன்று அனுமதி இல்லை. (பக் என்பது பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு ரப்பர் வட்டு.) கையில் வைத்துத் தனியாக வெட்டி வெட்டித்தான் போக வேண்டும்.

1929-30-ல் தளத்தின் எல்லாப் பகுதியிலும், அந்தந்தப் பகுதிக்குள், முன்னோக்கிக் கொடுக்கலாம் என்றார்கள். கோல் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் வீரர்கள் பக் வருமுன்பே போய் கோல்காப்பாளரின் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டார்கள். பருவகாலத்தின் நடுவிலேயே, டிசம்பரில், பக்குக்கு முன்னால் நீலக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பகுதிக்குள் யாரும் நுழையக் கூடாது என்று இன்னொரு விதி போட வேண்டி வந்தது. இன்றைய ஆஃப்சைட் பிறந்தது அப்படித்தான். முந்திய வருடம் அதிகப் புள்ளி எடுத்த ஏஸ் பெய்லிக்கு 32 புள்ளி. இந்த வருடம் பொஸ்ரனின் கூனி வைலண்டுக்கு 73. (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்த பாஸுக்கு ஒன்று என்று புள்ளி கொடுப்பார்கள்.)

நீலக்கோடு சரி. நடுவில இருக்கிற சிவப்புக்கோடு எதுக்கு?

1943-44-ல் போட்டது. அதற்கு முன் தன் பகுதியை விட்டு வெளியே பாஸ் கொடுக்க முடியாது. நெருக்கினால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நடுக்கோடுவரை கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள், ஆட்டம் வேகமானது.

ஆனால் நல்லதுக்காகப் போட்ட கோடு அறுபது வருடம் கழித்துத் தடையாக மாறியது. தன் நீலக்கோட்டையும் நடுச் சிவப்புக்கோட்டையும் ஒரே பாஸில் தாண்டினால் விசில் அடிப்பார்கள். நீளப் பாஸ் வராது என்று தெரிந்த தடுப்பாட்டக்காரர்கள் நிம்மதியாக நடுவில் வந்து நின்றார்கள். சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் 1998-லேயே அந்தத் தடையை எடுத்துவிட்டது. என்.எச்.எல் 2005 வரை பிடித்துக்கொண்டிருந்தது.

80-களில கிரெற்ஸ்கி அடிச்ச மாதிரிப் பிறகு ஏன் ஒருத்தரும் அடிக்கேல்லை? அவர் அவ்வளவு கெட்டிக்காரரோ?

எட்மன்ரன் அணியின் வெய்ன் கிரெற்ஸ்கி கெட்டிக்காரர்தான். 1981-82-ல் 92 கோல், 1985-86-ல் 215 புள்ளி. ஆனால் காலமும் அவருக்குக் கைகொடுத்தது. கோல்காப்பாளர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே தடுத்தார்கள், காப்புகள் சிறியவை, இன்றுபோல் ஐந்து பேரும் சேர்ந்து தடுக்கும் ஒழுங்கு இருக்கவில்லை.

90-களில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்தன. முதலாவது, நடுப்பகுதிப் பொறி. பக்கைத் துரத்திப் போகாமல் நடுவில் வலை விரித்தாற்போல நின்று, எதிரணியை ஓரத்துக்குத் தள்ளி அங்கே பறிப்பது. ஜாக் லெமேரின் பயிற்சியில் நியூ ஜேர்சி டெவில்ஸ் 1995-ல் இதை ஆடி, இறுதிச் சுற்றில் டெட்ரொயிற்றை நாலு ஆட்டத்திலும் வீழ்த்தி, லீக்கின் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றது. வென்ற அணியைப் பார்த்து மற்றவர்கள் பழகுவது எங்கும் நடப்பதுதான். இரண்டாவது, கோல்காப்பாளர்கள் முழங்காலில் இறங்கி கால்களை இரு பக்கமும் விரித்து அடிப்பகுதியை மூடும் முறைக்கு மாறினார்கள். காப்புகளும் வீங்கின.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் கோபம் தருவது. பிடித்து இழுப்பதும், மட்டையை இடுப்பில் கொளுவுவதும், வழியில் குறுக்கே நிற்பதும் தண்டனைக்குரியவை என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. மத்தியஸ்தர்கள் கொடுக்கவில்லை. திறமை குறைந்தவன் திறமையானவனின் முதுகில் தொங்கிக்கொண்டு தளம் முழுக்கச் சறுக்கினான். அன்றைய பெரிய நட்சத்திரம் மாரியோ லெமியூ போன்ற ஒருவரே இதை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார்.

2005-ல தான் எல்லாம் மாறினது எண்டு சொல்லுறியள். என்னென்ன மாறினது?

2004-05 பருவகாலம் முழுவதும் சம்பளத் தகராறில் நடக்கவே இல்லை. அந்த வெறுமையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. டெட்ரொயிற் வீரர் பிரெண்டன் ஷனஹான் 2004 டிசம்பரில் ரொறன்ரோவில் வீரர்கள், பயிற்றுநர்கள், அணி மேலாளர்கள், மத்தியஸ்தர்கள், ஒளிபரப்பாளர்கள் எல்லோரையும் இரண்டு நாள் ஒன்றாக உட்கார வைத்தார். ஆட்டத்தை எப்படி மீட்பது என்பது மட்டும்தான் பேச்சு. ஒரு விளையாட்டின் வீரர்களே முன்வந்து இப்படிச் செய்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

2005-06-ல் திரும்பி வந்தபோது இரண்டு கோடு தாண்டும் பாஸுக்கு இருந்த தடை போய்விட்டது. வலை நிற்கும் கோல்கோடு இரு பக்கமும் 2 அடி பின்னால் போனது. நடுப்பகுதி 54 அடியிலிருந்து 50 அடியாகச் சுருங்க, நீலக்கோட்டுக்கும் கோல்கோட்டுக்கும் இடையே தாக்குவதற்கு 60 அடிக்குப் பதில் 64 அடி கிடைத்தது. கோல்காப்பாளரின் கால்காப்பு 12 அங்குல அகலத்திலிருந்து 11 ஆனது. நெருக்கடியில் பக்கைத் தளத்தின் மறுமுனைக்கு அடித்து விடுகிற அணி, களைத்த ஆட்களை மாற்ற முடியாமல் போனது. சமநிலையில் முடிவதும் ஒழிந்து, ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்த்து அடிக்கும் ஷூட்அவுட் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிப்பதற்கும் கொளுவுவதற்கும் இனி மன்னிப்பில்லை என்று மத்தியஸ்தர்களுக்குச் சொல்லப்பட்டது.

இவ்வளவில உண்மையா வேலை செய்தது எது?

கடைசியில் சொன்னது. அது புதிய விதிகூட இல்லை, இருந்த விதியைக் கையில் எடுத்ததுதான். முதல் மாதங்களில் விசில் ஓயவில்லை. ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 4 போலிருந்த பவர்பிளே 6-ஐ நெருங்கியது. சராசரி கோல் 5-லிருந்து 6-க்கு மேல் ஏறியது.

தனி வீரர்களின் கணக்கிலும் தெரிந்தது. 2003-04-ல் முதலிடம் பிடித்த மார்ட்டின் சென் லூயிக்கு 94 புள்ளி. 2005-06-ல் ஜோ தோர்ன்ரனுக்கு 125. அதே வருடம் அறிமுகமான அலெக்சாண்டர் ஒவெச்கினும் சிட்னி குரொஸ்பியும் ஆளுக்கு 100 தாண்டினார்கள். சென் லூயி உயரம் குறைந்தவர். அவரைப் போன்றவர்களுக்குத் தளம் திறந்தது என்பதைத்தான் இந்த மாற்றத்தின் பெரிய நன்மையாக நான் நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு மேலால பக் போனா ஏன் 2 நிமிசம்? தெரியாமல் போனதுக்குமா?

தெரியாமல் போனதுக்கும்தான். தன் பகுதிக்குள் நின்று அடித்த பக் நேராகக் கண்ணாடியைத் தாண்டி வெளியே போனால் தண்டனை. யார் மேலாவது பட்டுத் திரும்பிப் போனால் இல்லை. வீரர்கள் உட்காரும் வாங்குக்கு முன்னால் கண்ணாடி இல்லை, அங்கே போனாலும் இல்லை. முன்பு நெருக்கடியில் வேண்டுமென்றே வெளியே அடித்து மூச்சு வாங்குவார்கள். வேண்டுமென்று செய்தானா என்று மத்தியஸ்தர் மனதைப் படிக்க முடியாததால் 2005-ல் எல்லோருக்கும் ஒரே சட்டமாக்கினார்கள். கடுமையானதுதான், ஆனால் யாருக்கும் பாரபட்சம் இல்லை.

கோல்காப்பாளர் வலைக்குப் பின்னால மூலைக்குப் போய் பக்கைத் தொட்டதுக்கு ஏன் விசில்?

வலைக்குப் பின்னால் சரிவகமாக ஒரு கட்டம் வரைந்திருக்கும். கோல்கோட்டுக்குப் பின்னால் அந்தக் கட்டத்துக்குள் மட்டும்தான் அவர் பக்கைக் கையாளலாம். இதுவும் 2005-ல் வந்தது. டெவில்ஸின் மார்ட்டின் புரொடூர் மூன்றாவது தடுப்பாட்டக்காரர் போல மூலைக்கு வந்து பக்கை வெளியேற்றிவிடுவார். அவரை நினைத்தே போட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு 2014-ல் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள்.

எனக்கு இந்த விதி பிடிக்காது. ஒருவருடைய அரிய திறமையை ஒடுக்கிக் கோலைக் கூட்டுவது முறையல்ல. போதாக்குறைக்கு, மூலையில் கிடக்கும் பக்கைத் தன் தடுப்பாட்டக்காரன்தான் போய் எடுக்க வேண்டும். பின்னாலிருந்து வருகிறவன் அவனைச் சுவரோடு மோதுவான்.

சும்மா வலையைப் பெருசாக்கினா முடிஞ்சுதே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். கோல்காப்பாளர்கள் இன்று சராசரியாக ஆறேகால் அடிக்குக் கிட்ட வளர்ந்துவிட்டார்கள், வலை அப்படியே இருக்கிறது. ஆகவே கேள்வியில் நியாயம் உண்டு. வேலையில்லா அந்த 2004-05 காலத்தில் பெரிய வலை வடிவங்களைச் செய்தே பார்த்தார்கள். ஏற்கப்படவில்லை.

நான் எதிர்ப்பதற்குக் காரணம் இது. வலையைப் பெரிதாக்கினால் தூரத்திலிருந்து அடிக்கும் சாதாரண அடிகளும் உள்ளே போகும். எண்ணிக்கை கூடும், ஆட்டம் மாறாது. பொறி வைத்து நிற்கும் அணி அப்படியே நிற்கும், அதற்கும் அதிர்ஷ்டக் கோல்கள் கிடைக்கும். நமக்கு வேண்டியது மூன்று பேர் பாஸ் கொடுத்து, கோல்காப்பாளரை ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் அடிக்கும் கோல். அதற்கு ஆட்களுக்கு இடம் வேண்டும். மேலும் ஹேன்ஸ்வேர்த் காலத்திலிருந்து இதே 6 x 4 வலைக்குத்தான் அடித்து வருகிறார்கள். பழைய சாதனையோடு புதியதை ஒப்பிட முடிவது ஒரு சொத்து.

சத்தமில்லாத ஒரு மாற்றம் 2013-ல் வந்தது. வாய் அதே அளவு, ஆழம் மட்டும் 44 அங்குலத்திலிருந்து 40 ஆனது. வலைக்குப் பின்னால் பக்கோடு சுற்றி வருகிறவருக்கு நான்கு அங்குலம் கிடைத்தது.

ஒலிம்பிக்கில தளம் அகலம் கூடத்தானே? அப்படி வைச்சா கோல் கூடாதோ?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். என்.எச்.எல் தளம் 85 அடி அகலம், ஏறக்குறைய 26 மீற்றர். சர்வதேச அகலம் நெடுங்காலம் 30 மீற்றராக இருந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் என்.எச்.எல் வீரர்கள் அந்த அகலத் தளத்தில் ஆடினார்கள். கனடா தங்கம் வென்றது. ஆறு ஆட்டத்திலும் சேர்த்து அது விட்ட கோல் 3. கூடிய இடம் முழுவதும் ஓரத்தில் கிடைக்கிறது. ஓரத்திலிருந்து கோல் விழாது. தடுக்கிறவர்கள் வலைக்கு முன்னால் கூடி நின்றுகொண்டு, ஓரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்று என்று விட்டுவிடுவார்கள்.

கோலைக் குறைக்கவும் விதி மாத்தியிருக்கினமோ?

மாற்றியிருக்கிறார்கள், ஓர் அணி மிஞ்சிப் போகும்போதெல்லாம். 1955 நவம்பரில் மொன்றியலின் ஜோன் பெலிவோ, பொஸ்ரனுக்கு எதிராக ஒரே பவர்பிளேயில் 44 செக்கனில் மூன்று கோல் அடித்தார். அன்று 2 நிமிடம் என்றால் முழு 2 நிமிடம், எத்தனை கோல் விழுந்தாலும். அடுத்த வருடமே, ஒரு கோல் விழுந்தால் வெளியே இருப்பவர் திரும்பி வரலாம் என்று மாற்றினார்கள். 5 நிமிடப் பெரிய தண்டனைக்கு மட்டும் பழைய வழக்கம் தொடர்கிறது.

1985-ல் எட்மன்ரன் ஒயிலர்ஸின் முறை. இரு அணியிலும் ஒவ்வொருவர் ஒரே நேரத்தில் தண்டனை பெற்றால் நாலுக்கு நாலு ஆடுவார்கள், அந்த வெளியில் கிரெற்ஸ்கி கூட்டம் கோலாகக் குவிக்கும். மாற்றாள் இறக்கி ஐந்துக்கு ஐந்தே ஆடலாம் என்று விதி வந்தது. 1992-93-ல்தான் அதைத் திருப்பினார்கள்.

1999-ல ஏதோ செல்லாத கோலாலை கிண்ணம் போனதாமே?

பஃபலோ ஆதரவாளர்கள் இன்றும் மறக்காதது. கோல்காப்பாளரின் நீலக் கட்டத்துக்குள் பக்குக்கு முன்பே தாக்குகிறவரின் கால் இருந்தால் கோல் செல்லாது என்று அப்போது மிகக் கண்டிப்பாகப் பார்த்தார்கள். விரல் நுனி அளவு கால் உள்ளே போனதற்காக எத்தனையோ நல்ல கோல்களை வீடியோ பார்த்து அழித்தார்கள். பிறகு இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், மூன்றாவது மேலதிக நேரத்தில், டலஸின் பிரெட் ஹல் கால் உள்ளே இருக்க அடித்தார். பக் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்று சொல்லிக் கோலைக் கொடுத்தார்கள், கிண்ணம் டலஸுக்குப் போனது. அந்தக் கோடையிலேயே விதியையும் தளர்த்தினார்கள். ஏற்கெனவே கோல் வறண்டிருந்த காலத்தில் இருந்ததையும் பறித்த விதி அது.

மேலதிக நேரத்தில ஏன் மூண்டு பேர்தான் ஓடினம்? ஷூட்அவுட்டில அடிக்கிறதும் அவையின்ர கணக்கில சேருமோ?

ஆள் குறைந்தால் இடம் கூடும் என்பதால்தான். 1999-ல் நாலுக்கு நாலாக்கினார்கள், 2015-ல் மூன்றுக்கு மூன்று. 5 நிமிடம், முதல் கோலோடு முடிவு. ஷூட்அவுட்டுக்குப் போகுமுன் ஆட்டமாகவே தீரட்டும் என்பது நோக்கம். சாதாரணப் பருவகாலத்தில் மட்டும்தான் இது. கிண்ணத்துக்கான சுற்றில் ஐந்துக்கு ஐந்து, 20 நிமிடம் 20 நிமிடமாகக் கோல் விழும்வரை.

ஷூட்அவுட் கோல் அடித்தவர் கணக்கில் சேராது. வென்ற அணியின் இறுதி எண்ணிக்கையில் ஒரு கோல் மட்டும் கூட்டுவார்கள்.

தோத்த அணிக்கும் ஒரு பாயிண்ட் கொடுக்கறாங்களே, அது கோலைக் குறைக்காதா?

சென்னையிலிருந்து வந்த ஒரு நண்பர் இரண்டாவது ஆட்டத்திலேயே கேட்டது, சரியான இடத்தில் கை வைத்தார். வெற்றிக்கு 2, மேலதிக நேரத்தில் தோற்றால் 1. 60 நிமிடத்துக்குள் முடிந்தால் இரு அணிக்கும் சேர்த்து 2 புள்ளி, அதைத் தாண்டினால் 3. ஆகவே சமநிலையில் இருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் இருவரும் ஆளையாள் தொந்தரவு செய்யாமல் நேரத்தைப் போக்குவதில் லாபம் உண்டு. கோல் வேண்டும் என்று இத்தனை விதி மாற்றிய லீக், புள்ளிப் பட்டியலை மட்டும் தொடாமல் விட்டிருப்பது பெரிய குறை.

பவர்பிளே இப்ப திரும்பக் குறைஞ்சிட்டுது எண்டு சொல்லுறாங்கள். அப்ப கோல் எப்பிடிக் குறையேல்லை?

குறைந்தது உண்மை. 6-ஐ நெருங்கியது இன்று ஓர் அணிக்கு 3 அளவில் வந்துவிட்டது. இடையில் கோலும் சரிந்தது. 2014-15-ல் ஜேமி பென் 87 புள்ளியோடு முதலிடம் பிடித்தார், சென் லூயியின் 94-ஐவிடக் குறைவு. பயிற்றுநர்கள் புது வழி கண்டுபிடித்திருந்தார்கள். அடிக்கும் பாதையில் உடம்பைப் போட்டுப் பக்கை மறிப்பது.

பிறகு மீண்டதற்குப் பல சிறு காரணங்கள். 2017-18-ல் கையில் மட்டையால் வெட்டுவதற்குக் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்கத் தொடங்கினார்கள். கோல்காப்பாளரின் காற்சட்டையும் நெஞ்சுக்காப்பும் அவரவர் உடம்புக்கேற்ற அளவுக்கு ஒடுங்கின. சண்டைக்கென்றே வைத்திருந்த ஆட்கள் மறைந்து, குறைவாக இறக்கும் நாலாவது தாக்குதல் வரிசையிலும் சறுக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள். 2005-ல் திறந்த தளத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து வந்ததுதான் முக்கியம் என்பது என் எண்ணம். 2022-23-ல் கொனர் மக்டேவிட் 153 புள்ளி எடுத்தார். அவரை யாரும் கட்டிப்பிடித்து நிறுத்த முடியாத ஆட்டம் இது.

அடிச்ச கோலை வீடியோ பார்த்துப் பறிக்கினமே. அது எந்த விதத்தில நியாயம்?

2015-ல் பயிற்றுநர் முறையிடும் உரிமை வந்தது. அரை நிமிடம் முன்பு நடந்த அரை அங்குல ஆஃப்சைட்டுக்காக நல்ல கோல்கள் போயின. இரண்டு திருத்தம் வந்தது. 2017 முதல் தவறாக முறையிட்டால் 2 நிமிடத் தண்டனை. 2020-21 முதல் பின்கால் தரையில் படாமல் காற்றில் இருந்தாலும், நீலக்கோட்டுக்கு நேர் மேலே இருந்தால் போதும். இரண்டும் நல்லவை.

பெண்கள் லீக்கில வேற விதியாமே? ஒருத்தர் குறைவா இருக்கிற பக்கம் கோல் அடிச்சா உள்ளே இருக்கிறவ வெளியில வரலாமாம்?

ஓம். பி.டபிள்யூ.எச்.எல் 2024 ஜனவரி 1-ல் இங்கே ரொறன்ரோவில் தொடங்கியது. பெலிவோவால் வந்த விதியில், ஆள் அதிகமுள்ள அணி கோல் அடித்தால் தண்டனை முடியும் என்று மேலே சொன்னேன். இவர்கள் அதைப் புரட்டிப் போட்டார்கள். ஆள் குறைந்த அணி கோல் அடித்தாலும் தண்டனை முடிந்துவிடும். வழக்கமாக ஆள் குறைந்த அணி பக்கை வெளியே அடித்துவிட்டு நேரத்தைக் கடத்தும். இங்கே அது திருப்பித் தாக்கப் பார்க்கிறது. தடுக்கும் பக்கத்துக்கும் கோல் ஆசையைக் கொடுத்த விதி வேறேதும் எனக்கு நினைவில் இல்லை.

அடுத்த பருவகாலத்தில், தண்டனை கிடைத்தபோது தளத்தில் நின்ற களைத்த வீராங்கனைகளை உடனே மாற்றவும் முடியாது என்றார்கள். புள்ளியும் 60 நிமிட வெற்றிக்கு 3, மேலதிக நேர வெற்றிக்கு 2, தோல்விக்கு 1. நண்பர் சொன்ன குறை அங்கே இல்லை, எந்த ஆட்டத்திலும் மொத்தம் மூன்றுதான். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த மூன்றாவது புள்ளிக்காக அவர்கள் ஓடுவதை ஒருமுறை வந்து பாருங்கள்.